சீப்பு வாங்க எதற்கு ஜாதகம்?

சென்ற வாரம் தலைவாரும் சீப்பு ஒன்று வாங்குவதற்காக, குளிர்சாதன வசதியும் பளபளக்கும் தரையும் கொண்ட பெரிய கடையொன்றில் நுழைந்து, முப்பது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற என்னிடம், பில் போடும் பெண் நிமிர்ந்தும் பாராமல், "நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். "காசுதான் தருகிறேனே அம்மா, எண் எதற்கு?" என்றேன். எண் இல்லாவிட்டால் கணினி பில் போட விடாதாம். விவகாரம் முற்றி, கழுத்துப்பட்டி அணிந்த மேலாளர் ஒருவர் பிரசன்னமாகி, என்னைப் பற்றித் தெரிந்தால்தான் எனக்குத் தக்கபடி சேவை செய்ய முடியும் என்று உபதேசித்தார். சீப்பு விற்கிறவர் அறிய வேண்டியதெல்லாம் என் தலையிலேயே, நான்கு பக்கமும் வெளிச்சம் பட, தெளிவாக இருந்தது. பார்க்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

வாடிக்கையாளரின் பெயர், எண், பிறந்த நாள், கல்யாண நாள், வாங்கிய சாமான், வாங்காமல் விட்ட சாமான் ஆகிய சகலத்தையும் திரட்டி, சி.ஆர்.எம். என்று நாமகரணம் செய்யப்பட்ட மென்பொருளில் இட்டு வைத்துவிட்டால் வியாபாரம் தானாகவே அபிவிருத்தி அடையும் என்பது இன்று நம் கடைக்காரர்களிடையே பிரமாணம் கேட்கப்படாத நம்பிக்கையாகப் பரவியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ட்ரேடர் ஜோஸ் என்று ஒரு மளிகை நிறுவனம் இருக்கிறது. 1967-ல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் முதல் கடையைத் திறந்த அந்த நிறுவனத்துக்கு இன்று 500-க்கு மேற்பட்ட கடைகள். புள்ளி சேர்க்கும் அட்டை கிடையாது, உறுப்பினருக்கு ஒரு விலை மற்றவருக்கு ஒரு விலை என்ற பேதம் கிடையாது, இணையத்தில் விற்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம்கூடக் கிடையாது. மற்றப் பெரிய கடைகள் முப்பதாயிரம் வகைச் சரக்கை அடுக்கி மூச்சு வாங்கும்போது, இவர்கள் சுமார் நாலாயிரத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்த நாலாயிரத்தையும் சிரத்தையோடு தேர்ந்தெடுக்கிறார்கள். வாங்க வருகிறவரின் கல்யாண நாள் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் கூட்டம் வருகிறது.

இங்கிலாந்தின் டெஸ்கோ கடை 1995-ல் கிளப்கார்டு என்னும் புள்ளி அட்டை கொடுத்து ஓங்கி வளரவில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதே தேசத்தில் சேஃப்வே என்னும் கடை தன் ஏ.பி.சி. அட்டையை 2000-ஆம் ஆண்டில் தூக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சிய பணத்தை விலைக் குறைப்பில் செலவிட்டது ஏன் என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.

அப்படித் திரட்டும் தகவல்தான் என்ன லட்சணத்தில் இருக்கிறது? எண் தர மறுக்கும் மனிதரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லாத பில் பெண், வரிசை நீளுகிறதே என்ற பதற்றத்தில், பத்து ஒன்பதுகளைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறாள். சீப்பும் வாங்கி, கைக்குழந்தைக்குத் துணியும் வாங்கி, அதே மாலையில் முதியோர் ஊன்றுகோலும் வாங்கும் அந்த ஒன்பதுகளின் சொந்தக்காரரே பல கடைகளின் முதல்தர வாடிக்கையாளராக இருக்கக்கூடும். மாதக் கடைசியில் முதலாளியின் முன்னே வண்ண வண்ணப் படங்களாக விரிக்கப்படும் ஆராய்ச்சியில் அன்னாரின் ருசிகளும் அடக்கம். வெயிலில் நாள் முழுதும் அலைந்துவிட்டு வந்து, 'லீட்' எத்தனை, 'ஃபாலோ அப்' எத்தனை என்ற கட்டங்களை இரவில் நிரப்பும் விற்பனைப் பிரதிநிதிகளின் கற்பனா சக்தியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ட்ரேடர் ஜோஸில் பூப்போட்ட சட்டை அணிந்த சிப்பந்திகள் வந்தவரோடு வாய்திறந்து பேசுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மெய்யான எண்ணைக் கொடுத்த அப்பாவிக்கோ வேறு வகை உபசாரம். போன மாதம் குளிர்பெட்டி வாங்கியவருக்கு இந்த மாதமும் குளிர்பெட்டியிலேயே தள்ளுபடி என்று செய்தி வருகிறது; ஒரு குடும்பத்துக்கு எத்தனை குளிர்பெட்டி வேண்டும் என்று அத்தனை ஞானமும் படைத்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. அதே பெட்டி பழுதாகி நாம் கூப்பிட்டால், நம் ஜாதகமே கையில் உள்ளவர்கள் பெயர் என்ன, எண் என்ன, எப்போது வாங்கினீர்கள் என்று ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கைபேசி எண் தரும்படி நிர்ப்பந்திக்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ல் வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. நான் சென்ற கடையின் கணினிக்கு அந்தச் சமாசாரம் இன்னும் எட்டவில்லை போலும்.

சட்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. என் எண்ணைக் கேட்ட அந்தப் பெண் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டேதான் கேட்டாள். நாற்காலி எங்கே என்று மேலாளரை விசாரித்தேன். அவர் என் எண்ணை மறுபடியும் கேட்டார்.