காற்றுக்கு இரண்டு வழி வேண்டும்!

கோடை காலத்தில் சென்னையில் பெரும்பாலும் நண்பகலுக்கு மேல் கடற்காற்று கிளம்பும். மெரினா மணலில் உட்கார்ந்தால் வேட்டி பறக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது திருவல்லிக்கேணி. அங்கே ஒரு சந்து வீட்டில் காலண்டர் தாள்கூட அசைவது இல்லை. என்ன காரணம்?

காற்றின் மேல் குற்றம் இல்லை. அது மொட்டை மாடிக்கு மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையத்தான் வழி இல்லை.

"ஜன்னல் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, ஒரே ஒரு ஜன்னல். வெறும் பாட்டிலுக்குள் ஊதிப் பாருங்கள். காற்று திரும்பி முகத்தில் அடிக்கும். வீடும் அப்படித்தான். உள்ளே வந்த காற்று வெளியே போக இன்னொரு வழி வேண்டும்.

பழைய வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டியே நின்றன. பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. ஆனால் நடுவில் முற்றம் இருந்தது. வாசல், நடை, முற்றம், கொல்லை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. காற்றே வீசாத இரவிலும், வீட்டில் உள்ள சூடான காற்று லேசாகி முற்றத்தின் வழியே மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் வழியாகப் புதுக் காற்று வரும். மின்சாரச் செலவு கிடையாது!

அந்த முற்றத்தைத்தான் இப்போது காங்கிரீட் போட்டு மூடுகிறார்கள். ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். வாடகை வீட்டுக்காரருக்கு, புழுக்கமும் இருமலும் குடித்தனக்காரருக்கு. இது நியாயமா?

இருமல் என்பது வேடிக்கைப் பேச்சு அல்ல. காச நோய்க் கிருமி காற்றில்தான் பரவுகிறது. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 8 மருத்துவமனைகளில் இதை ஆராய்ந்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. ஜன்னல், கதவுகளைத் திறந்து வைத்த அறைகளில், இயந்திரம் வைத்துக் காற்று விட்ட அறைகளைவிட இரு மடங்குக்கு மேல் காற்று மாறியது. அதிலும், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களே முன்னால் நின்றன.

"பேன் போட்டால் போகிறது" என்று சிலர் சொல்லலாம். பேன் வியர்வையை ஆற்றும். ஆனால் அறையில் இருக்கிற பழைய காற்றைத்தான் அது சுற்றி விடுகிறது.

இடித்துக் கட்டப் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? கதவுக்கு மேலே, கூரையை ஒட்டிச் சிறு திறப்பு வைக்கலாம். திருட்டுக்குப் பயந்தால் கம்பி, கொசுவுக்கு வலை. பல வீடுகளில் இருக்கிற ஒரு ஜன்னலையும் மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. முதலில் அதை நகர்த்தலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை, கைகொடுக்க வீட்டில் ஆள் இருக்கும்.