நியாயஸ்தலத்தின் வாயிற்கதவு

அம்பத்தூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பூந்தமல்லியில் வெடிகுண்டு வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தில் ஒரு நாள் அமர்ந்து விசாரணையைக் காணவேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்கு யாரிடம் மனுச் செய்துகொள்வது, எந்த அதிகாரியின் சிபாரிசு தேவை, வக்கீல் எவரேனும் உடன் அழைத்துச் சென்றால்தான் உள்ளே விடுவார்களா என்று அவர் வினவுகிறார். அவர் வாதியுமல்லர், சாட்சியுமல்லர், எதிரிகளின் உறவினருமல்லர். தம் பெயரால் நடைபெறும் நியாயம் எவ்வாறு நடைபெறுகிறது என்று காண விரும்பும் ஒரு பிரஜை, அவ்வளவே.

கேள்வி சிறியதுதான். ஆயினும் அதைப் படித்தபோது நமக்கு வருத்தமே மேலிட்டது. சுயராஜ்யம் அடைந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும், படித்த பிரஜை ஒருவர் நியாயஸ்தலத்திற்குள் நுழையச் சிபாரிசு தேடுகிறார் என்றால், குற்றம் அவருடையதன்று. துப்பாக்கி ஏந்திய காவலரும் உயர்ந்த மதிலும் உள்ள கட்டடத்தைக் கண்டால் அது நமக்கு உரியதன்று என்று எண்ணும் பழக்கம் நம் ஜனங்களிடம் இன்னும் நீங்கவில்லை. அதை நீக்க ஸர்க்காரும் முயலவில்லை.

சர்க்கார் கட்டடங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பூந்தமல்லிக்கு அடுத்த ஆவடியில் யுத்த டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1961ல் நிறுவப்பட்டது, 1965ல் விஜயந்தா டாங்கி அங்கே உருவாயிற்று. அதற்குள் எவரும் நினைத்தவாறு புகலாகாது. 1923ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் அத்தகைய இடங்களுக்குக் காவலாக நிற்கிறது. தேசத்தின் பாதுகாப்பை முன்னிட்டு அங்கே அனுமதி கேட்டுத்தான் போகவேண்டும் என்றால், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அங்கே மூடியிருப்பது விதி, திறப்பது விலக்கு. நியாயஸ்தலத்திலோ இது தலைகீழ். அங்கே திறந்திருப்பது விதி, மூடுவதுதான் விலக்கு.

இது நம் சொந்த அபிப்பிராயம் அன்று; எழுதிய சட்டம். கிரிமினல் வழக்கை விசாரிக்கும் இடம் திறந்த நீதிமன்றமாகவே கருதப்படும், இடம் கொள்ளுமளவு பொதுஜனங்கள் உள்ளே வரலாம் என்று 1898ஆம் வருஷத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 352ஆவது பிரிவு கூறிற்று. 1973ஆம் வருஷத்துச் சட்டத்தில் அதுவே 327ஆவது பிரிவாயிற்று. 2024 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 366ஆவது பிரிவாக நிற்கிறது. ஆட்சிகள் மாறின, இலக்கங்கள் மாறின, விதி மாறவில்லை. பொதுஜனங்களையோ, குறிப்பிட்ட ஒருவரையோ வெளியே நிறுத்தும் அதிகாரமும் அந்தப் பிரிவிலேயே உண்டு. ஆனால் அது நீதிபதிக்கு உள்ள அதிகாரம், வாசற்காவலருக்கு உள்ளதன்று. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

பூந்தமல்லியைப் பற்றிப் பேசும்போது பழைய சரித்திரம் ஒன்றை மறக்க முடியாது. 1991 மே 21ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவருடன் வேறு பலரும் மாண்டனர். அந்தக் கொடிய வழக்கு பூந்தமல்லியில்தான் தடாச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டது. 1987ஆம் வருஷத்துத் தடாச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, விசாரணை மூடிய அறையில் நடக்கவேண்டும் என்பதையே பொது விதியாக்கியிருந்தது. 1993ல் அதைத் திருத்தி, நீதிபதி விரும்பினால் காரணம் எழுதி மூடலாம் என்று செய்தார்கள். ராஜீவ் வழக்கு விசாரணை பொதுஜனங்கள் காணாதபடியே நடந்தேறியது. 1998 ஜனவரி 28ந் தேதி தீர்ப்பு வந்தது. எதிரிகள் 26 பேர். 26 பேருக்கும் தூக்குத் தண்டனை.

மறு வருஷம் மே 11ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைப் பரிசீலித்து முடிவு கூறிற்று. தடாச் சட்டத்துக் குற்றங்கள் நிற்கா என்றது. நால்வருக்கு மட்டுமே தூக்கு உறுதியாயிற்று. மூவருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேரும் விடுதலையாயினர். தூக்கு உறுதியான அந்த நால்வரும் பின்னர் உயிர் பிழைத்தனர். தண்டனையிலிருந்த எழுவரும் 2022ல் சிறையிலிருந்து வெளிவந்தனர்.

கதவு மூடியிருந்ததனால்தான் தீர்ப்பு அப்படியாயிற்று என்று கூற நாம் துணியமாட்டோம். திறந்த கோர்ட்டிலும் தவறு நேரும். நாம் கூறுவது வேறு. தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கில், எந்த சாட்சி என்ன சொன்னான், குறுக்கு விசாரணையில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதை ஜனங்கள் அன்றன்று அறிய வழியில்லாமற் போயிற்று. முடிவை மட்டும் கண்டார்கள். ஆகவே ஒரு சாரார் 26 பேரும் குற்றவாளிகள் என்றே நம்பினார்கள். மற்றொரு சாரார் அனைவரும் நிரபராதிகள் என்றே நம்பினார்கள். இன்றளவும் மேடைகளில் இரு கட்சியாரும் வதந்தியைத்தான் பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்கின்றனர். நியாயம் வழங்கினால் மட்டும் போதாது. வழங்கப்படுவதை ஜனங்கள் காணவும் வேண்டும் என்று வக்கீல்கள் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சன்று. காணாதவனுக்கு நம்பிக்கை பிறப்பதில்லை.

அந்நிய ஆட்சியின் அநுபவமும் இதையே போதிக்கிறது. 1922 மார்ச் 18ந் தேதி அகமதாபாத்தில் காந்தியடிகளின் ராஜத்துவேஷ வழக்கு சர்க்யூட் ஹவுஸ் என்னும் சர்க்கார் மாளிகையில் நடந்தது. அங்கே ஸரோஜினி தேவி முதலியோர் இருந்து பார்த்தனர். அன்று மகாத்மா கூறிய வாக்குமூலம் நான்கு சுவருக்குள் அடங்கிவிடாமல் தேசமெங்கும் பரவிற்று. 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. வீரர்களின் விசாரணை தொடங்கியபோதும், ராணுவக் கோட்டை என்று சொல்லிப் பத்திரிகைகளையும் பார்வையாளர்களையும் அடியோடு விலக்கவில்லை. இதற்காக அந்த ஆட்சியை நாம் புகழ வரவில்லை. 1930ல் லாகூர் சதி வழக்கில் எதிரிகள் ஆஜராகாமலே விசாரணை நடத்த அவசரச் சட்டம் பிறப்பித்ததும் அதே ஆட்சிதான். அதன்கீழ் வந்த தீர்ப்பை இந்த தேசத்தின் ஜனங்கள் ஒருநாளும் ஏற்கவில்லை என்பதையும் உலகம் அறியும்.

பயங்கரக் குற்ற வழக்கில் சாட்சிகளின் உயிருக்கு ஆபத்தில்லையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 2008ஆம் வருஷத்துத் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்கு வகை செய்திருக்கிறது. காரணத்தை எழுத்தில் பதிந்து விசாரணையை மூடி நடத்தலாம். சாட்சியின் பெயரையும் விலாசத்தையும் மறைக்கலாம். அஞ்சும் சாட்சி ஒருவர் கூண்டில் நிற்கும்போது கதவைச் சாத்துங்கள். அவர் இறங்கியதும் திறவுங்கள். ஓர் அறையில் நோயாளி படுத்திருப்பதற்காக வீடு முழுவதையும் பூட்டிச் சாவியை வாசற்காவலனிடம் கொடுப்பவர் உண்டோ?

காவலும் திறந்த வாசலும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. காவல் மிகுந்த சுப்ரீம் கோர்ட்டைப் பாருங்கள். 2018 நவம்பர் முதல் சனிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தைப் பொதுஜனங்களுக்குச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். 2023 ஆகஸ்டில் ‘சுஸ்வாகதம்’ என்னும் இணைய ஏற்பாடு தொடங்கிற்று. விசாரணையைக் காண வருவோர் அதன் மூலம் முன்னதாகப் பதிந்து அனுமதிச் சீட்டுப் பெறலாம். 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை வீட்டிலிருந்தே நேரலையில் காணலாம். டில்லியில் நடக்கும் வாதத்தைப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் நின்று கைபேசியில் காண்கிறோம். பூந்தமல்லியில் நடக்கும் விசாரணையைக் காணும் வழியைப் பத்திரிகாசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்கவேண்டியிருக்கிறது!

நமது சென்னை ஹைகோர்ட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் எல்லா வாயில்களையும் அடைத்துவிடுவார்கள். ஜனங்கள் ஓயாமல் போய்வரும் பாதையில் அவர்களுக்கு வழிப்பாத்தியதை ஏற்பட்டுவிடலாகாது என்பதற்காக! மற்ற நாட்களில் வாயில்கள் ஜனங்களுக்குத் திறந்தே இருந்து வந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா? தனி நீதிமன்றங்களுக்கும் அந்த முறையே உசிதம். மூடும் நாளைக் குறித்து வையுங்கள். திறக்கும் நாளைக் குறிக்க வேண்டிய அவசியமே இருக்கலாகாது.

ஆகவே தமிழ்நாட்டுத் தனி நீதிமன்றங்கள் அனைத்திற்கும் பொதுவாகச் சில ஏற்பாடுகள் செய்யுமாறு ஹைகோர்ட்டாரையும் ராஜ்ய ஸர்க்காரையும் வேண்டுகிறோம். முதலாவது, அன்றைய வழக்குகளின் பட்டியலும், எது திறந்த விசாரணை, எது மூடிய விசாரணை என்பதும் வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும். மூடிய விசாரணையானால் நீதிபதியின் உத்தரவுத் தேதியும் வேண்டும். இரண்டாவது, பார்வையாளருக்கு இத்தனை இடம் என்று நிச்சயித்து, வந்த வரிசையிலோ, முன்பதிவு செய்த வரிசையிலோ கொடுக்க வேண்டும். மூன்றாவது, காவலர் சோதனையிடட்டும். அடையாளச் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதட்டும். கைபேசியை வாங்கி வைக்க ஓர் அறை இருக்கட்டும். ஆனால் மறுப்பது நீதிபதியின் உத்தரவால் மட்டுமே ஆகவேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு பலகையும், ஒரு பதிவேடும், கொஞ்சம் மனமும் போதும்.

நேயருக்கு நம் விடை இதுதான். ஐயா, தங்களுக்குச் சிபாரிசு எதுவும் வேண்டாம். அடையாளச் சீட்டை எடுத்துக்கொண்டு, வழக்கு நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, காலையில் நேரத்தோடு செல்லுங்கள். சோதனைக்கு இணங்குங்கள். தடுத்தால் காவலரிடம் சச்சரவு செய்யாதீர்கள். அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஊழியர். விசாரணையை மூடி நீதிபதி உத்தரவிட்டிருக்கிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். உத்தரவு இருந்தால் வணங்கித் திரும்புங்கள். இல்லையென்றால் நீதிபதிக்கே ஒரு மனு எழுதிக் கோர்ட் அலுவலகத்தில் கொடுங்கள். உள்ளே இடம் கிடைத்தால் வாய் பேசாது அமர்ந்து, காண்பதைக் கண்டு, கேட்பதைக் கேட்டுத் திரும்புங்கள்.

தேசத் தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்களுக்கும் இதையே சொல்லுவோம். ஊர்வலத்திற்கும் பொதுக்கூட்டத்திற்கும் செலவிடும் நாட்களில் மாதம் ஒரு நாளை நியாயஸ்தலத்துப் பின்பெஞ்சில் கழியுங்கள். ஜனங்கள் நடந்து தேய்ந்த வாசற்படியை எந்த ஆட்சியும் எளிதில் அடைத்துவிட முடியாது.