குமிழை ஏற்றுமுன்

விடுமுறைக்கு ஒரு டசின் காடை முட்டை வாங்கிப் பொரிக்க வைப்போமா என்று தங்கை கேட்கிறாள். தாச்சியிலல்ல, மின்குமிழ் பூட்டிய அட்டைப் பெட்டியில்! உம்மாவும் வாப்பாவும் உடனே தலையாட்டிவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஸல்வா என்று திருக்குர்ஆனில் நாம் ஓதுவது காடையைத்தான். ஆனால் இன்று கூட்டில் வளரும் ஜப்பானியக் காடை, தலைமுறை தலைமுறையாக மனிதரிடம் வளர்ந்து, அடைகாக்கும் வழக்கத்தையே பெரும்பாலும் இழந்துவிட்டது. முட்டையை வைப்பவர்தான் அதற்குத் தாய். 17, 18 நாட்களுக்குச் சுமார் 37.5 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். முதல் இரண்டு வாரமும் நாளுக்குப் பலமுறை முட்டைகளைப் புரட்ட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பொரித்த குஞ்சோ பெருவிரல் அளவு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே மூழ்கிவிடும்.

இவற்றைப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். என் கவலை ஆண் காடைகளைப் பற்றியது. பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி ஆண். ஆறாம் வாரமளவில் கூவத் தொடங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ, கொட்டாஞ்சேனையின் சுவரொட்டிய வீட்டிலோ அயலார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? காலிமுகத்திடலில் விட்டால் காகங்களுக்கு இரையாகும். அறுத்துக் கறியாக்குவது ஹலால்தான். ஆனால் பெயர் வைத்து வளர்த்த பிள்ளைக்கு அதை அன்றைக்குத்தானா சொல்வது? குமிழை ஏற்றும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால் வைக்கட்டும், ஆறு முட்டைக்கு மேல் வேண்டாம்.