கீறல் விழாத பாட்டு

பணத்தைப் பூட்டி வைக்கிறவனை உலோபி என்கிறோம். நெல்லைப் பூட்டி வைத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவனைப் பதுக்கல்காரன் என்கிறோம். பாட்டைப் பூட்டி வைக்கிறவரை மட்டும் 'பெரிய ரசிகர்' என்று கொண்டாடுகிறோம். இந்த மூன்றாவது பட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு.

சென்னையில் பழைய கிராமபோன் பிளேட்டுகளைச் சேர்க்கிறவர்கள் எப்போதும் ஒரு சிறு கூட்டம் உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தியாகராய நகரின் அடுக்கு மாடிகளிலும், அடையாற்றில் மாமர நிழலில் இருக்கும் பழைய வீடுகளிலும் அவர்களைப் பார்க்கலாம். சிலருக்கு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டின் மேல் மோகம். சிலருக்கு 45 சுற்றுச் சுற்றும் ஏழு அங்குலச் சிறு தட்டின் மேல். 1976-ல் வந்த 'அன்னக்கிளி'யின் பாட்டுக்களைச் செல்பேசியில் காலணாச் செலவில்லாமல் கேட்கலாம். ஆனாலும் அந்தக் காலத்துத் தட்டில்தான் கேட்பேன் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அலைகிற இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேரில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. பாட்டு ஊரெல்லாம் இருக்கிறது. தட்டு அவர்களுடைய ஆசை. ஆசை இருந்துவிட்டுப் போகட்டும்.

என் சண்டை வேறொரு ரகத்தாரோடு. பாட்டு நன்றாயிருக்கிறதா என்பது அவர்களுக்குக் கேள்வியே அல்ல. "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி. இல்லை என்று தெரிந்துவிட்டால், பிள்ளை பிறந்த செய்தி கேட்ட தகப்பனைப் போல முகம் மலர்ந்து போகும். இந்த வியாதி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1980-ஐ ஒட்டிய வருஷங்களில், ஹெவி மெட்டல் என்கிற இரைச்சல் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்ட தொழிற்சாலை ஊர்ப் பையன்கள் பலர், கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் மட்டும் சிறு தட்டு அடித்தார்கள். அன்றைக்கு வாங்க ஆளில்லாத அந்தத் தட்டுகளை இன்று நூற்றுக்கணக்கான பவுன் கொடுத்து வாங்குகிறார்கள். பாட்டு மாறவில்லை, கிடைக்காமல் போயிற்று, அவ்வளவுதான். கிடைக்காத தன்மைக்கு விலை வைக்கிற சந்தையில், கிடைக்கச் செய்கிறவன் விரோதியாகிவிடுகிறான்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்லுகிறேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. அவருடைய தாயார் கல்யாணத்துக்கு முன்பு மேடையில் பாடியவர். 1930களில் ஒரே ஒரு தட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கம், இரண்டு பாட்டு. கல்யாணத்துக்குப் பிறகு மேடையும் போயிற்று, தட்டும் போயிற்று. புக்ககத்தில் அதைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டார்கள். தாயார் சமையலறையில் முணுமுணுத்ததைத்தான் மகள் கேட்டிருக்கிறார். வாய்விட்டுப் பாடிக் கேட்டதில்லை.

அந்தத் தட்டுத் தியாகராய நகரில் ஒருவரிடம் இருப்பதாக எனக்குத் தற்செயலாகத் தெரிய வந்தது. டெலிபோன் செய்தேன். "தாராளமாக வந்து பாருங்கள்" என்றார். அம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பாண்டி பஜார்ச் சந்தடியைத் தாண்டி மூன்றாவது மாடி. அறை முழுவதும் குளிர்சாதனம். சுவரெல்லாம் இரும்பு அலமாரி. மனிதர் மரியாதையில் குறை வைக்கவில்லை. காபி கொடுத்தார். கையில் துணி உறை மாட்டிக்கொண்டு தட்டை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டினால் போதும், சார்" என்றேன்.

"போட்டால் தேயும்" என்றார்.

"அப்படியானால் ஒரு பிரதியாவது எடுத்துக் கொடுங்களேன்."

"பிரதி எடுத்தால் நாளைக்கு ஊரெல்லாம் பரவிவிடும். அப்புறம் இதற்கு என்ன மதிப்பு?"

அம்மாள் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தட்டின் நடுவிலிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அம்மா பேரைச் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா வச்சிருக்காரு, இல்லே தம்பி? ஒரு கீறல் கூட இல்லே" என்றார்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அதனால்தான்.

கோபத்தில் நியாயத்தை மறந்துவிடக் கூடாது. சேகரிப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்த நாளில் தட்டு அச்சானது ஜெர்மனியில் ஹானோவர் நகரில். யார் பாடியது என்று அங்கே தெரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரைத் தானே சொல்லுவாள். பிறகு தெற்கிலும் பதிவு நடந்தது. சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி போன்றவர்களின் குரல்கள் தட்டில் ஏறின. 1926-ல் பத்து வயதுச் சிறுமியாக எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு வந்தது. 1932-ல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார்கள். தமிழ்த் தட்டுகள் வீடு தேடி வந்தன. 1933-ல் இருபத்தேழு வயதில் காலமான எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை நாம் இன்று கேட்கிறோமென்றால் அந்த அரக்குத் தட்டுகளின் புண்ணியம். 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பில் நமக்கு மிஞ்சியவையும் சில தட்டுகள்தாம். ஆரம்ப காலத்துப் பேசும் படங்களில் பெரும்பாலானவை அழிந்தே போயின. அவற்றின் பாட்டுக்களில் தட்டிலும் பாட்டுப் புஸ்தகத்திலும் ஏறியவைதாம் தப்பின.

இவற்றையெல்லாம் நாம் என்ன செய்தோம்? டேப் வந்ததும் பழைய சாமானோடு போட்டோம். வெந்நீரில் முக்கி வளைத்துப் பழத்தட்டு ஆக்கினோம். மூர் மார்க்கெட்டில் அடுக்கடுக்காகக் குவிந்து கிடந்தன. 1985 மே மாதம் மூர் மார்க்கெட்டே எரிந்து போயிற்று. அரக்குத் தட்டுக் கை தவறினால் அப்பளமாக நொறுங்குகிற வஸ்து. நாம் எறிந்ததைப் பொறுக்கி எடுத்துத் துடைத்து வைத்தவர்கள் சேகரிப்பாளர்கள். தியாகராய நகர்ப் பெரியவர் இல்லாவிட்டால் அந்த அம்மாளுடைய தாயாரின் தட்டும் என்றோ குப்பையில் போயிருக்கும். அதற்காக அவருக்கு ஒரு நமஸ்காரம்.

ஆனால் குளத்தில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியவர், 'இனி இது என்னுடையது' என்று சொல்லித் தாயிடம் காட்ட மறுத்தால், முதற் செய்கையின் புண்ணியம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அவர்கள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். தேய்ந்து போகும் என்கிறார்கள். பழைய கிராமபோனின் கனத்த தலையும் எஃகு ஊசியும் தட்டைத் தேய்த்தது வாஸ்தவம். ஆனால் இன்றைக்கு எடை குறைந்த கருவி இருக்கிறது. 78 சுற்றுத் தட்டின் அகலமான பள்ளத்துக்கென்றே செய்த ஊசியும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பிரதி எடுத்துக்கொண்டால், பிறகு அந்தத் தட்டைத் தொடவே வேண்டியதில்லை. தேய்மானத்துக்குப் பயப்படுகிறவர்தாம் முதலில் பிரதி எடுக்க வேண்டியவர்!

சட்டம் குறுக்கே நிற்கிறது என்பார்கள். நம் நாட்டில் ஒலிப்பதிவின் பேரில் உள்ள உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குத்தான். 1930களில் வந்த தட்டுக்கு அது எப்போதோ காலாவதியாகிவிட்டது.

'என் காசு, என் தட்டு' என்பது மூன்றாவது சமாதானம். உண்மையில் இது ஒன்றுதான் சமாதானம். மற்றவை இதற்குப் போர்த்திய சால்வை. சரி, தட்டு உங்களுடையதுதான். அரக்கும் கரியும் அந்தக் காகிதமும் உங்களுடையவை. ஆனால் அதில் பாடியிருக்கிறவள் உங்களுக்காக மட்டும் பாடவில்லையே? மூன்று நிமிஷத்துக்குள் பல்லவியையும் சரணத்தையும் அடக்கி, இருமல் வந்தால் பதிவு பாழ் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரம் பேருக்காக அல்லவா பாடினாள்? தட்டை விலைக்கு வாங்கினீர்கள். அந்த ஆயிரம் பேருடைய காதையுமா சேர்த்து வாங்கினீர்கள்?

பகிர்ந்து கொடுத்தால் மதிப்புக் குறையும் என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்திருக்கிறது. 1952-ல் ஹாரி ஸ்மித் என்ற சேகரிப்பாளர், தம்மிடமிருந்த பழைய 78 சுற்றுத் தட்டுகளிலிருந்து 84 பாட்டுக்களைப் பொறுக்கி, ஃபோக்வேஸ் என்ற கம்பெனி மூலம் ஆறு நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். அவற்றில் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பர் 1928-ல் பாடிய இரண்டு பாட்டுக்கள் இருந்தன. ஒரு புதிய தலைமுறை அவற்றைக் கேட்டு மயங்கிற்று. அவருடைய இன்னொரு பழைய தட்டில் அவலான் என்று ஒரு கிராமத்தின் பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 1963-ல் ஓர் இளைஞர் தேடிப் போனார். எழுபது வயதுக் கிழவராக ஹர்ட் அந்த ஊரிலேயே, பண்ணை வேலை செய்துகொண்டு உயிரோடிருந்தார்! அதே ஆண்டு நியூபோர்ட் விழா மேடையில் பாடினார். 1966-ல் இறப்பதற்கு முன் மூன்று வருஷம் உலகம் அவரைக் கேட்டது. அந்தச் சேகரிப்பாளர்கள் அலமாரியைப் பூட்டி வைத்திருந்தால் அந்தக் கிழவர் மாடு மேய்த்துக்கொண்டே கண்ணை மூடியிருப்பார்.

நம் நாட்டில் வழி இல்லாமல் இல்லை. பம்பாயில் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் ஏற்பட்டது. 'யங் இந்தியா' என்ற சுதேசிக் கம்பெனியின் தட்டுகள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பிரதி எடுக்கப்பட்டன. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையாச் செட்டியார் என்ற தனி மனிதர் ஆயுள் முழுவதும் புஸ்தகமும் பத்திரிகையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து 1994-ல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், தரமணியில் இருக்கிறது. ஒரு பிடி சாம்பலாகியும் அந்தச் செட்டியார் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பூட்டி வைத்திருந்தால் செல்லரித்த காகிதத்தோடு அவர் பெயரும் போயிருக்கும்.

ஆகவே நான் கேட்பது தட்டை அல்ல. தட்டு உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், விலை ஏறட்டும், பேரப்பிள்ளைகள் விற்றுக் காரும் பங்களாவும் வாங்கட்டும். ஒரு பிரதி எடுத்து ஒரு பொது நூலகத்தில் வையுங்கள். 'இது இன்னாருடைய சேகரிப்பிலிருந்து' என்று உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. ரசிகர்களே, நீங்களும் இனிமேல் சேகரிப்பவரைச் சந்தித்தால், "உங்களிடம் எத்தனை தட்டு இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினீர்கள்?" என்று கேளுங்கள்.

தியாகராய நகர்ப் பெரியவர் பத்திரிகை படிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். ஐயா, அந்த அம்மாள் இன்னும் பின்தெருவில்தான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது. எத்தனை நாளைக்கென்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிஷம் ஆகும். மூன்று மாடி ஏறுவது அவருக்குச் சிரமந்தான். ஆனால் கூப்பிட்டால் வருவார். ஆட்டோ என் பொறுப்பு.