அயலார் கொடையும் ஆலயத் திருப்பணியும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மாட்டைப் பொறுத்தவரையில் அது நல்ல மரியாதையே. ஆனால், ஒரு நாட்டின் பழங்கோயிலைப் பேணுவதற்கு மற்றொரு நாட்டின் அரசாங்கம் பெரும்பொருள் வழங்க முன்வரும்போதும் அம் மரியாதையைக் கடைப்பிடித்து வாளாவிருத்தல் தகுமா? இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வழக்கம் உலகறிய வேரூன்றியது எகிப்து நாட்டிலே எனலாம். நைல் நதியை மறித்து அஸ்வானில் பேரணை கட்டத் திட்டமிட்டபோது, அபு சிம்பல் முதலிய பழங்கோயில்கள் நீரில் அமிழ்ந்துபோகும் நிலை உண்டாயிற்று. 1960 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நாடுகளை நோக்கி வேண்டுகோள் விடுத்தது. ஏறக்குறைய 50 நாடுகள் பொருளுதவின. 1964 முதல் 1968 வரையில் அபு சிம்பல் கோயில்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டங்களாக அறுக்கப்பட்டு, அறுபது மீற்றருக்கு மேல் உயர்ந்த இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. மனிதகுலம் செய்த நற்பணிகளுள் இஃது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், நன்றிக்கடனாக எகிப்து தன் சிறு கோயில்கள் சிலவற்றைக் கொடை வழங்கிய நாடுகளுக்கே அளித்தது. தெண்டூர்க் கோயில் நியூயோர்க்கிலும், தெபோத் கோயில் மாட்றிட்டிலும் இன்று நிற்பது அவ்வகையாலேயே. கற்கள் பிழைத்தன என்று மகிழ்கின்றோம். நைற்கரையில் நின்ற கோயில் அயல்நகரிலே காட்சிப்பொருளாயிற்றே என்று உள்ளம் ஒருபால் வருந்தவும் செய்கின்றது.

கொடுக்கும் அரசாங்கங்கள் அருள் ஒன்றே காரணமாகக் கொடுப்பதில்லை. நட்புறவு, நாட்டின் நற்பெயர், தம் அறிஞர்க்கு ஆய்வுக்களம், தம் வினைஞர்க்குத் தொழில் ஆகிய பலவும் அதனுள் அடங்கும். அதனைக் குற்றமென்று நாம் கூறவில்லை. வாங்குவோர் அதனை அறிந்து வாங்குதல் வேண்டும் என்றே கூறுகின்றோம்.

இத்தகைய கொடையின் நிறைகுறைகள் யாவற்றையும் ஓரிடத்திலே காண விரும்புவோர் கம்போடியாவிலுள்ள அங்கோரை நோக்குதல் வேண்டும். அங்கே பாபுவோன் என்னும் பெருங்கோயில் ஒன்றுண்டு. 11 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் உதயாதித்தவர்மன் என்னும் கெமர் மன்னன் சிவபெருமானுக்கு எடுத்த கோயில் அது. உள்ளே நிரப்பிய மண்ணின் பாரந் தாங்காது கோயில் சரிந்து வந்தமையால், பிரெஞ்சு அறிஞர் 1960 ஆம் ஆண்டளவில் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினர். ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டு, அதன் இருப்பிடத்தை ஏட்டிற் பதிந்து, சுற்றியிருந்த காட்டிலே பரப்பி வைத்தனர். அடித்தளத்தை உறுதிசெய்த பின் அவற்றை முன்போலவே அடுக்குவது அவர்தம் நோக்கம். சுண்ணச் சாந்தின்றிக் கல்லோடு கல் பொருந்த அடுக்கிய கட்டடமாதலால், ஒரு கல்லின் இடத்தில் மற்றொரு கல் அமையாது.

அப்போது உள்நாட்டுப் போர் மூண்டது. பணி நின்றது. 1975 ஆம் ஆண்டில் கெமர் ரூஜ் என்னும் கொடுங்கூட்டத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அப் பதிவேடுகள் அழிந்துபோயின. காட்டிலே கிடந்த கற்கள் ஏறக்குறைய 300,000. அவற்றின் முகவரியோ மறைந்துவிட்டது!

1995 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தின் பொருளுதவியுடன் மீண்டும் பணி தொடங்கியது. பாரிஸ் நகரில் எஞ்சியிருந்த பழைய நிழற்படங்களும், வரைபடங்களும் துணையாயின. கல்லைக் கல்லோடு ஒப்பிட்டு அளந்து, அதன் இடத்தைத் தேடிக் கண்டனர். 2011 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கம்போடிய மன்னர் முன்னிலையில் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. செலவான தொகை சுமார் 10 மில்லியன் யூரோ. பணம் தாராளமாக இருந்தது. ஆயினும் பணத்தினால் அந்த ஏடுகளை மீண்டும் வாங்க முடியவில்லை. பதிவேட்டின் மறுபடி ஒன்று பாதுகாப்பான வேறிடத்தில் வைக்கப்பட்டிருப்பின், எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்!

இங்கே மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். 16 ஆம் நூற்றாண்டிலே, சிவாலயமாயிருந்த பாபுவோனின் கற்களைக் கொண்டே அதன் மேற்குப் பக்கத்தில் எழுபது மீற்றர் அளவில் ஒரு சயன புத்தர் உருவத்தை அந்நாட்டார் அமைத்திருந்தனர். ஆதிக் கோயிலை அப்படியே காணவேண்டுமென்று அதனைப் பிரித்தெறியாமல், அவ்வுருவத்தையும் காத்தனர் பணிசெய்தோர். மக்கள் இன்று எதனை வணங்குகின்றனரோ அதனையும் மதித்த செயல் அது. சைவராகிய நாமும் அதனைப் பாராட்டவே வேண்டும். ஒரு கோயிலின் வரலாற்றில் எந்தக் காலம் உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறும் உரிமை, பொருள் கொடுத்தவர்க்கு இல்லை.

அங்கோர் வாட்டிலே 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையினர் பணிசெய்தனர். அந்நாட்டு அரசாங்கத்தை உலக நாடுகளிற் பல ஏற்றுக்கொள்ளாதிருந்த காலம். போரும் முற்றாக ஓயவில்லை. அத்தகைய நாளில் துணிந்து சென்றமை போற்றத்தக்கதே. எனினும், பாசியகற்றப் பயன்படுத்திய இரசாயனப் பொருள்கள் கல்லின் மேற்பரப்பைத் தாக்கினவென்று அறிஞர் சிலர் கண்டித்தனர். நன்மனத்தோடு செய்த பணியையும் அருகிருந்து ஆராய்ந்து கேள்வி கேட்போர் வேண்டும் என்பதை அவ்விவாதம் உணர்த்தியது.

அந்த ஏற்பாடு 1993 ஆம் ஆண்டிலே கிட்டியது. டோக்கியோ நகரில் நாடுகள் கூடி, பிரான்சும் யப்பானும் இணைத்தலைமை தாங்க, யுனெஸ்கோ செயலகமாக விளங்க, அங்கோருக்கென ஒரு கூட்டிணைப்புக் குழுவை அமைத்தன. எந்த நாடு எந்தக் கோயிலைத் திருத்த விரும்பினும், தன் திட்டத்தை அக் குழுவின் முன்வைத்து நிபுணர்களின் வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். 1995 ஆம் ஆண்டில் கம்போடியா தனக்கே உரிய அப்சரா அதிகாரசபையையும் நிறுவிக்கொண்டது. 1992 இல் ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்ட அங்கோர், 2004 இல் அதனின்றும் நீங்கியது. மாட்டின் பல்லை மரியாதை குறையாமற் பிடித்துப் பார்க்கும் முறை இதுவே போலும்.

இனி, இவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. திருத்திய கோயிலைப் பின்னர்ப் பேணுவார் யாவர்? தற்காலக் கொடைகள் பெரும்பாலும் ஒரு குறித்த பணிக்கும், சில ஆண்டுகளுக்குமே வழங்கப்படுவன. திறப்புவிழா முடிந்ததும் கொடையாளர் தம் நாடு திரும்புவர். பழைய வேந்தர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆலயம் எடுத்த கையோடு நிவந்தமும் வைத்தனர். அங்கோரிலுள்ள தா புரோம் கோயிற் கல்வெட்டு, ஏழாம் சயவர்மன் அதன் பணிக்கென 3,140 ஊர்களை விட்டதாகக் கூறுகின்றது.

நாடு கடந்த கொடைக்கும் நம்மிடத்தே சான்றுண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவிசய மன்னன் நாகபட்டினத்திலே சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். கட்டியவன் கடல்கடந்த பௌத்தன். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை விட்டவனோ சைவனாகிய முதலாம் இராசராச சோழன். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றவை இச் செய்தியைத் தருகின்றன. அயலான் எழுப்ப, உள்ளூரான் பேணிய அம்முறையில் எத்துணைத் தெளிவு! அந்த ஆதரவு அற்றுப்போன பிற்காலத்தில் விகாரம் பாழடைந்தது. எஞ்சி நின்ற கோபுரமும் 1867 ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது.

இவ்வினா நம் வாசலுக்கும் வந்துள்ளது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் அண்மைத் திருப்பணிக்கு இந்திய அரசாங்கம் ஏறக்குறைய 326 மில்லியன் இலங்கை ரூபாவை நன்கொடையாக வழங்கியது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் அதிற் பங்குகொண்டன. 2022 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது. நன்றியோடு நினைக்கத்தக்க உதவி. ஆனால், போர்த்துக்கீசர் அழித்த அத்தலத்தை மீட்க வேண்டுமென்று 1872 ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் குரலெழுப்பியபோது எந்த அரசாங்கத்தின் நன்கொடையும் கையில் இருக்கவில்லை. அவர் மறைந்த பின்னர்க் காணியை வாங்கியவர்களும், காட்டை வெட்டியவர்களும் இந்நாட்டுச் சைவ மக்களே. அம் மனவுறுதி முன்னே நின்றமையால் அன்றோ பின்னே வந்த கொடைக்கு ஓர் இடம் இருந்தது?

ஆதலின், அயலார் கொடையை மறுக்க வேண்டுவதில்லை. வாங்கும்போது மூன்று வினாக்களை மாத்திரம் தவறாது கேட்போமாக. இப்பணியில் நம் இளைஞர் எத்தனைபேர் கைத்தொழில் கற்பர்? வரைபடங்களும் பதிவேடுகளும் எத்தனை படிகளாக, எங்கெங்கே வைக்கப்படும்? கொடையாளர் சென்ற மறுநாள் தொடக்கம் பராமரிப்புக்குரிய பணம் எங்கிருந்து வரும்?

முதலிரண்டுக்கும் கொடுப்போர் விடை கூறலாம். மூன்றாவதற்கு விடை கூறவேண்டியவர் நாமே. பன்னிரண்டாண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்று நம்மவர் வகுத்தது பழுதுபார்க்கும் தவணையுமாகும். அவ்வாறாயின் திருக்கேதீச்சரத்தின் அடுத்த தவணை 2034 ஆம் ஆண்டு. விமானத்தின் இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றோ அதுவரை காத்திராது. அதனைக் கிள்ளியெறிவதற்கு எந்த நாட்டு அரசாங்கத்தினதும் மானியம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏணி வைத்து ஏறிப் பார்க்க உள்ளூரார் சிலர் இருந்தாற் போதும்.