மேலோடும் உள்ளீடும்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

2023ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் இலண்டன் மாநகரில் மூன்றாம் சார்லஸ் மன்னர் முடிசூடினார். அவ்விழாவையொட்டி நாடெங்கும் தெருக்களிலும் பூங்காக்களிலும் மக்கள் கூடி உண்பதற்கென்று அரண்மனை ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் செய்முறையையும் வெளியிட்டது. வறுத்த மாட்டிறைச்சிக்குப் பெயர்போன நாட்டில் அந்தப் பெருமை எதற்குக் கிடைத்தது தெரியுமா? கீரையும் அவரையும் முட்டையும் பாலேடும் சேர்ந்த கீஷுக்கு!

கீஷ் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விளிம்பு உயர்ந்த வட்டத் தட்டில் மைதா மாவைத் தகடாக விரித்து, அதனுள் முட்டையும் பாலும் பாலேடும் அடித்த கலவையை ஊற்றி, ஓவனில் சுட்டெடுக்கும் பண்டம் அது. வெளியே உதிரும் ஓடு. உள்ளே இளகிய உள்ளீடு. இனிப்பு இல்லை, உப்புச் சுவைதான். அந்த ஓட்டைத்தான் அவர்கள் பேஸ்ட்ரி என்கிறார்கள். நம் ஊர் பேக்கரியில் பேஸ்ட்ரி கேட்டால் கிரீம் பூசிய கேக் துண்டைத் தருவார்கள். இக்கட்டுரை முடியும்வரை அதை மறந்துவிட வேண்டுகிறேன்.

அரண்மனையின் குறிப்பைப் பார்ப்போம். ஓட்டுக்கு 125 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, 25 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 25 கிராம் லார்ட், இரண்டு மேசைக்கரண்டி பால். உள்ளீட்டுக்கு 180 கிராம் வெந்த கீரை, 60 கிராம் வெந்த அவரை, 100 கிராம் செடார் பாற்கட்டி, இரண்டு முட்டை, பால், பாலேடு, டாரகன் என்னும் நறுமண இலை. படிக்கும்போதே பசுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லார்ட் யார்? பிரபுவும் அல்லர், ஆண்டவனும் அல்லர். உருக்கியெடுத்த பன்றிக் கொழுப்பு!

காய்கறிப் பண்டம் என்று நம்பி வாங்குகிறவர் என்ன செய்வார்? உள்ளே கிளறிப் பார்ப்பார். கீரை தெரியும், அவரை தெரியும். இறைச்சித் துணுக்கு ஒன்றும் இல்லையென்று நிம்மதியாகக் கடிப்பார். அவர் முதலில் கடிப்பது ஓட்டை அன்றோ! கீஷைப் பற்றிய வழக்குகள் எல்லாம் உள்ளீட்டைப் பற்றியே நடக்கின்றன. நடக்க வேண்டிய இடமோ மேலோடு. காய்கறிக் கீஷ் செய்ய விரும்புகிறவர் அதன் மாவைத் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இதை நான் சைவக் கீஷ் என்று எழுதவில்லை. மேலை நாட்டு வெஜிடேரியன்களிற் பெரும்பாலோர் முட்டை உண்பவர்கள். நம் நாட்டு உணவுச் சட்டமோ முட்டை சேர்ந்த பொட்டலத்துக்கு அசைவக் குறியே இடச் சொல்கிறது. எனவே காய்கறிக் கீஷ் என்பதே நேர்மையான பெயர்.

இனி அந்த உள்ளீட்டு வழக்குக்கு வருவோம். கீஷின் தாயகம் வடகிழக்குப் பிரான்சிலுள்ள லொரேன். இரு பெரும் மொழிகள் முட்டிக்கொள்ளும் எல்லை நிலம் அது. 1766இல் பிரான்சோடு சேர்ந்தது. 1871இல் அதன் ஒரு பகுதியை ஜெர்மனி கைப்பற்றியது. 1918இல் மீண்டும் பிரான்சுக்கு வந்தது. கீஷ் என்ற சொல்லே ஜெர்மானியரின் ‘கூஹன்’ என்னும் சொல்லுக்கு உறவினன். அதற்குக் கேக் என்று பொருள். லொரேன் கீஷில் முட்டை, பாலேடு, உப்பிட்ட பன்றித் துண்டு ஆகியவையே உண்டு, பாற்கட்டி சேர்ப்பது பிழை என்று மரபுக் காவலர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அமெரிக்க இல்லங்களுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கற்பித்த ஜூலியா சைல்டும் தோழியரும் 1961இல் வெளியிட்ட நூலில்கூட, மூலக் கீஷில் பாற்கட்டி இல்லை என்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்கப் பன்றியை எடுத்துவிட்டுக் காளானையும் கீரையையும் இட்டால் காவலர்களுக்குக் கோபம் வராதா? வரும், வரட்டும். ஏனெனில் அவர்கள் காக்கும் கீஷின் ஓடே பழைய ஓடு அன்று. ஆதியில் அது ரொட்டி மாவால் ஆனது. ரொட்டி சுடுகிற நாளில் மிஞ்சிய மாவைத் தட்டி, வீட்டிலிருந்த முட்டையையும் பாலேட்டையும் ஊற்றிச் சுட்டார்கள். வெண்ணெய் கலந்த மாவு பின்னால் வந்தது. ஓட்டையே மாற்றிக்கொண்ட பண்டம், உள்ளீட்டை மாற்றக்கூடாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே காய்கறிக்கு உரிமை உண்டு. இனி மாவுக்கு வருகிறேன். வேதியியல் மாணவி என்பதால் இங்கே சற்று நின்றுதான் போவேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

பரோட்டா மாவை நாம் எப்படிச் செய்கிறோம்? நீர் விட்டு, அடித்து, பிசைந்து, இழுத்து, வீசி, ஒரு பாடு படுத்துகிறோம். மைதாவிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்களும் நீரில் நனைந்து ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. அந்த வலை இருப்பதால்தான் பரோட்டா இழுபடுகிறது. கீஷின் ஓட்டுக்கு வேண்டுவது இதற்கு நேர்மாறு. வலை பின்னக்கூடாது, பின்னினால் ஓடு தோலாகிவிடும். அதனால் நீருக்கு முன்னே வெண்ணெய் போகிறது. 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு என்பது எளிதான அளவு. குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மாவில் இட்டு, விரல் நுனிகளால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் பூசிக்கொண்டு, நீர் புரதத்தை எட்டாமல் தடுக்கிறது. சோமாசின் மேல்மாவுக்கு மைதாவில் நெய்யை விட்டுப் பிசிறும் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதும் இதே வேலைதான். கிளையடின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நமக்கோ சோமாசு செய்யத் தெரியாது.

உள்ளங்கை ஏன் கூடாது, விரல் நுனி ஏன் என்றால், வெண்ணெய் நம் உடற்சூட்டுக்கும் கீழே, ஏறத்தாழ 32 முதல் 35 பாகையிலேயே உருகிவிடும். உருகினால் அதனுள் இருக்கும் நீர் வெளிப்படும். ஆம், வெண்ணெயிலும் நீர் உண்டு. நூற்றுக்குப் பதினாறு பங்குவரை. நம் ஊர் வெயிலில் இந்த மாவைச் செய்ய விரும்புவோர் மாவையும் கிண்ணத்தையும்கூடக் குளிர்பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். உதிர்த்த மாவு ரொட்டித் தூள் போல வந்ததும், மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, சேர்ந்தால் போதும் என்று சேர்த்து உருட்டி, மூடி, அரை மணி நேரம் குளிர்ச்சியில் உறங்கவிட வேண்டும். பிசையவே கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘பாட் பிரிஸே’, அதாவது ‘உடைந்த மாவு’ என்கிறார்கள். பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது!

எத்தனை கரண்டி நீர் என்பதை எந்த நூலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாவுக்கு மாவு, பருவத்துக்குப் பருவம் அது வேறுபடும். கைப்பிடி மாவை அழுத்தினால் உதிராமல் நிற்கிறதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். நம் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டிலிருந்து ஒரு துளி கூடிவிட்டால் அளவீடு கெட்டது என்கிறோம். இங்கேயும் ஒரு கரண்டி கூடினால் ஓடு கெட்டது. முன்னதற்கு மதிப்பெண் உண்டு, பட்டம் உண்டு. பின்னதைச் செய்கிறவளுக்கு ‘வீட்டிலே சும்மா இருக்கிறாள்’ என்ற பட்டம்! இது என்ன நியாயம் என்று நான் கேட்கிறேன்.

உறங்கி எழுந்த மாவைத் தேய்த்துத் தட்டில் பொருத்தியபின் வெறுமையாகவே ஒருமுறை சுட வேண்டும். மேலே தாள் விரித்துக் காய்ந்த பயற்றைக் கொட்டி, 190 பாகை வெப்பத்தில் கால் மணி நேரம். பிறகு பயற்றை எடுத்துவிட்டு இன்னும் சில மணித்துளிகள். பயற்றின் பாரம் இல்லையேல் அடி உப்பிவிடும், விளிம்பு சரிந்துவிடும். இப்படி முன்சூடு காணாத ஓட்டில் முட்டைக் கலவையை ஊற்றினால் அடிப்பாகம் சொதசொதவென்று வேகாமல் நிற்கும்.

காய்கறிக் கீஷுக்கு இந்த அபாயம் இரட்டிப்பு. பன்றித் துண்டு கொழுப்பை விடும். காய்கறியோ நீரை விடும். கீரையிலும் காளானிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். எனவே கீரையை வதக்கிப் பிழிந்து, காளானைத் தன் நீர் வற்றும்வரை வதக்கி, வெங்காயத்தைப் பொன்னிறமாக்கி, எல்லாவற்றையும் ஆறவிட்டே ஓட்டில் பரப்ப வேண்டும். மூன்று முட்டைக்கு ஒரு கால் லிட்டருக்குச் சற்று மேலாகப் பாலும் பாலேடும் கலந்து ஊற்றி, 170 அல்லது 180 பாகையில் அரை மணி நேரத்துக்கு மேல் சுட்டால், நடுவில் இலேசாக ஆடும் பதம் வரும். அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்தபின்னும் அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். இதற்கு மேல் சுட்டால் முட்டைப் புரதம் இறுகி நீரைக் கக்கும். காய்கறியில் பிழிந்த பிழிவெல்லாம் வீண்!

‘இவ்வளவு பாடு எதற்கு? கடையில் ஆயத்த மாவு கிடைக்கிறதே!’ என்பார்கள். அரண்மனையே தன் குறிப்பில் 250 கிராம் ஆயத்த மாவுக் கட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று வழி விட்டிருக்கிறது. அங்குள்ள கடைக் கட்டிகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவை பாமாயில் போன்ற தாவர எண்ணெயால் ஆனவை. ஆக, அரண்மனைக் குறிப்பில் கையால் செய்த மாவில் பன்றி இருக்கும், கடைக் கட்டியில் பெரும்பாலும் இராது! கையால் செய்ததெல்லாம் தூய்மை என்று நான் வாதாடவில்லை. கையால் செய்கிறவர் லார்டை எடுத்துவிட்டு 50 கிராமும் வெண்ணெயாகவே போட்டுக்கொள்ளலாம். கடைக் கட்டியை வாங்கியவர் அதன் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவே. அந்த ஓட்டின் சுவையும் வேறு. வெண்ணெய் நாக்கில் உருகும். பல எண்ணெய்க் கொழுப்புகள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

முழுக்கோதுமை மாவில் ஓடு செய்யலாம் என்பதும் கையால் செய்கிறவருக்கே தோன்றும். இலண்டனில் 1961இல் தொடங்கிய கிராங்க்ஸ் என்ற காய்கறி உணவகம் முழுக்கோதுமைப் பண்டங்களாலேயே பெயர் பெற்றது. ஓடு சற்றுக் கனமாக வரும், தவிடு மணக்கும். எனக்கு மைதாவே பிடிக்கும், அது வேறு.

நேரம் இல்லை என்பது வலுவான தடை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்ணைப் பார்த்து, ‘மாவையும் நீயே உதிர்த்துக்கொள்’ என்று கட்டுரை எழுதுவது எளிது. அந்தக் கொடுமையை நான் செய்யவில்லை. அவளே உதிர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? 1982இல் அமெரிக்காவில் புரூஸ் ஃபைர்ஸ்டைன் என்பவர் ‘உண்மையான ஆண்கள் கீஷ் உண்பதில்லை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நகைச்சுவை நூல் எழுதினார். ஆண்மைச் செருக்கைக் கேலி செய்த நூல், பரபரப்பாக விற்றது. கேலியை மறந்தவர்கள் பலர். தலைப்பை மட்டும் மெய்யென்று பிடித்துக்கொண்டார்கள். உண்பதற்கே வெட்கப்படுகிற ஆண்மகன் மாவை எங்கே உதிர்க்கப் போகிறான்? விடுதி உணவு சரியில்லை என்று மாலைதோறும் மரத்தடியில் மாநாடு கூட்டும் நம் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிடி மாவையேனும் தொட்டிருக்கிறீர்கள்? கோபம் கொள்ள வேண்டாம்; விரல் நுனிகள் உங்களுக்கும் பத்து உண்டு.

உண்மையில் கட்டியை வாங்குவதால் மிச்சமாகும் நேரம்தான் எவ்வளவு? வெண்ணெயை உதிர்த்து உருட்டப் பத்து மணித்துளிகள். மாவு உறங்கும் அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது நம் நேரம் அன்று, மாவின் நேரம். கடைக் கட்டி வாங்கியவரும் அந்நேரத்தில் சும்மா இருந்துவிட முடியாது. கீரையை அவரும் கழுவ வேண்டும். காளானை அவரும் நறுக்க வேண்டும். வெங்காயத்துக்கு அவரும் அழ வேண்டும். மாவு எழுகிறபோது காய்கறியும் வதங்கி ஆறியிருக்கும். வீட்டில் இருவர் இருந்தால் ஒருவர் மாவுக்கும் ஒருவர் காய்கறிக்கும் நிற்கலாம். வெயில் காலத்தில், கை குளிர்ச்சியாக இருப்பவர் மாவுக்குப் போவது நல்லது.