அரசு அலுவலக ஃபைலில் தமிழ் தெரியவில்லை: ஒருங்குறி ஆணை எப்போது நடைமுறைக்கு வரும்?

தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் டிடிபி கடைகளில் அடிக்கடி நடப்பது இது. அலுவலகத்திலிருந்து மெயிலில் வந்த விண்ணப்பப் படிவத்தை ஒருவர் பென் டிரைவில் கொண்டுவருகிறார். கடைக்காரர் ஃபைலைத் திறக்கிறார். திரையில் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடக்கின்றன. “இது என்ன ஃபான்ட்டுன்னு கேட்டுட்டு வாங்கண்ணே” என்கிறார் கடைக்காரர். வந்தவர் மறுபடியும் அலுவலகத்துக்கு நடக்கிறார். அங்கே இருப்பவருக்கும் அது தெரியவில்லை. கடைசியில் அந்தப் படிவத்தை முதலிலிருந்து டைப் செய்யச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்து, அரைநாள் வேலையையும் விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்.

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. கோளாறு என்னவென்று தெரியும், தீர்வும் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு அரசாணைகூட இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை.

எங்கே சிக்குகிறது?

பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ‘ஜே’யின் இடத்தில் ‘த’வும், ‘கே’யின் இடத்தில் ‘ம’வும் வரையப்பட்டிருப்பதால் அது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்கு அந்த ஃபைல் போனால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். வானவில்லில் அடித்ததைப் பாமினியில் திறந்தாலும் குழப்பமே மிஞ்சும். இரண்டுக்கும் குறியீடு வேறு வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளும் அங்கிருந்து வந்தவை. ஆனால் அதற்கு முன்பே, 1991-இலேயே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 வந்தபோது ‘லதா’ என்ற ஒருங்குறி எழுத்துரு அதனுடனேயே வந்தது. இன்று கையில் இருக்கும் சாதாரண செல்போனிலும் ஒருங்குறித் தமிழ் தெரிகிறது. பாட்டி பேரனுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எந்த நாட்டிலும் பிசகில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. அரசு அலுவலகத்துக் கடிதம் மட்டும் அடுத்த தெருவுக்குப் போனால் படிக்க முடிவதில்லை.

கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஆணையே பிறப்பித்தது. இனி ஒருங்குறிதான் தரம். ஒருங்குறியை ஏற்காத மென்பொருள்களில் மட்டும் டேஸ்-16 என்ற குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. பல அலுவலகங்களிலிருந்து இன்னமும் பழைய ஃபான்ட்டில் ஃபைல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒருங்குறிக்கு மாறிய பிறகும்…

ஒருங்குறியில் அடித்தால் எழுத்து தெரிந்துவிடும். பக்க அமைப்பும் அப்படியே வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் வேர்டு, பள்ளியிலும் நூலகத்திலும் லிப்ரே ஆபீஸ் அல்லது ஓப்பன் ஆபீஸ் என்று ஆளுக்கொரு மென்பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூல் கற்பிப்பது ஓப்பன் ஆபீஸை. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் மேசையில் பெரும்பாலும் வேர்டு இருக்கிறது.

வேர்டில் லதா எழுத்துருவில் அமைத்த கடிதத்தை, லதா இல்லாத லினக்ஸ் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் திறந்தால், அங்கே இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை அது போட்டுக்கொள்ளும். ஒவ்வோர் எழுத்தின் அகலமும் சற்று மாறும், வரி நீளும், ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய உறுதிமொழிப் படிவத்தின் கையெழுத்து வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். வாசகம் ஒரு தாளிலும் கையெழுத்து இன்னொரு தாளிலும் இருந்தால் எந்த அலுவலகம் வாங்கிக்கொள்ளும்?

இன்னொரு தொல்லை எழுத்தின் அளவு. இரண்டு மென்பொருள்களுமே ஆங்கில எழுத்துக்கு ஓர் அளவு, தமிழ் போன்ற மொழிகளுக்கு ஓர் அளவு என்று தனித்தனியாகக் குறித்து வைக்கின்றன. ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்டால், அடுத்த கம்ப்யூட்டரில் ஆங்கிலம் ஓர் அளவிலும் தமிழ் இன்னோர் அளவிலும் நிற்கும். லிப்ரே ஆபீஸின் மொழி அமைப்புகளில் தமிழ் போன்ற மொழிகளுக்கான வசதியைத் தேர்வு செய்திருந்தால்தான் அந்த இரண்டாவது அளவை மாற்றும் இடமே கண்ணில் படும். இதையெல்லாம் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

அச்சகங்களின் பாடு தனி. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. அதற்கு ஒருங்குறி தெரியாது. அதை இன்னும் விடாத அச்சகங்கள் பழைய ஃபான்ட்டையே கேட்கின்றன. இன்டிசைனில் ஒருங்குறித் தமிழ் வரும். ஆனால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எண்களும் தப்புவதில்லை

சுய உதவிக் குழுவின் உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக அனுப்பினால், அதை எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது பெயர்கள் சிதைந்து தெரியக்கூடும். அதைவிட ஆபத்தானது எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம் என்றால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். தொடக்கத்தில் இருக்கும் சுழியங்கள் காணாமல் போகும். ஓர் இலக்கம் மாறினால் போதும், உதவித்தொகை வர வேண்டியவருக்கு வராது. இரட்டைக் கிளிக் செய்யாமல், ‘டேட்டா’ பகுதியில் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக எடுத்து, யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி வடிவத்தைத் தேர்ந்து, எண் இருக்கும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் இது நடக்காது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். 2020 செப்டம்பர் கடைசியில் அங்கே 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. பழைய எக்செல் வடிவ ஃபைலில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது என்பதுதான் காரணம். ஃபைல் வடிவம் மனித உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இழப்பு யாருக்கு?

ஆவணங்களை முறையாக வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, கணினிமயமாக்கி வைக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு. பழைய ஃபான்ட்டில் இருக்கும் ஆணையில் ‘பட்டா’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அதற்குள் ‘பட்டா’ என்ற சொல்லே இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. தேட முடியாத ஆவணம் பூட்டிய அறையில் கிடக்கும் காகிதத்துக்குச் சமம்.

பார்வையற்றவர்களுக்கு இழப்பு இன்னும் கொடியது. திரைவாசிப்பான் ஒருங்குறித் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பழைய ஃபான்ட் ஃபைலை ‘ஜே கே பி ஓ’ என்று உளறும். மின்னணு உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்களுக்கான நலத்திட்ட அறிவிப்பையே அவர்களால் படிக்க முடியாதபடி வெளியிடுவது என்ன நியாயம்?

தட்டச்சர்கள் மீது பழி போடுவதும் சரியல்ல. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு ஒருங்குறி ஒத்துவராது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. அதே பழைய தட்டச்சு முறையில் அடித்தே ஒருங்குறியில் பதிவு செய்ய முடியும். அதற்கான விசைப்பலகை மென்பொருளையும் எழுத்துருக்களையும் குறியீடு மாற்றியையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் குறை.

செய்ய வேண்டியவை

ஒன்று, 2010 ஆணையை எல்லாத் துறைகளுக்கும் நினைவூட்டி, இந்தத் தேதிக்குப் பிறகு பழைய ஃபான்ட்டில் வரும் எந்தக் கடிதமும் ஏற்கப்படாது என்று தலைமைச் செயலகம் நாள் குறிக்க வேண்டும்.

இரண்டு, மக்கள் நிரப்ப வேண்டிய படிவங்களை எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் ஆகவும், ஐஎஸ்ஓ தரம் பெற்ற ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்திலும் வெளியிட வேண்டும். மின்னாளுகைக்குத் திறந்த தரங்களே வேண்டும் என்று மத்திய அரசு 2010-இலேயே கொள்கை வகுத்துவிட்டது.

மூன்று, எல்லா அரசுக் கணினிகளிலும் ஒரே இலவச ஒருங்குறி எழுத்துருவை நிறுவ வேண்டும்.

நான்கு, தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் கணினிச் சான்றிதழ்ப் படிப்பில் குறியீடு மாற்றம், எழுத்துரு உட்பொதித்தல் இரண்டையும் கட்டாயப் பாடமாக்க வேண்டும்.

ஐந்து, பழைய ஃபான்ட்டில் கிடக்கும் ஆணைகளைத் துறைவாரியாக ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்ற வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. படிக்க முடியாத ஃபைல் உங்களுக்கு வந்திருந்தால் அதை அச்சிட்டு இணைத்து, 2010 ஆணையைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இப்படி மனுக்கள் குவிந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் ஆணை எழுந்தே தீர வேண்டும்.